சர்வர் பெயர்: ஆதிமூலம்

ஆசிரியர் காலனியில் பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காராமல் போன விஷயத்தை அந்தந்த வீட்டு அம்மாக்கள் முதலில் வெளியே சொல்லவில்லை. தன் பிள்ளைக்கு மட்டும்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு, பூச்சி மருந்து கொடுத்து, திருநீறு போட்டு, முதுகில் ஒன்று வைத்துப் பார்த்து, கடைசியில் தண்ணீர் லாரி வந்த அன்றைக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போதுதான் பேச்சு அவிழ்ந்தது. எல்லா வீட்டிலும் அதே கதை. விளையாடிவிட்டுக் கம்ப்யூட்டரையோ செல்போனையோ வைத்துவிட்டு எழுந்து வரும் பிள்ளை ஏப்பம் விடுகிறது, வயிறு கும்மென்று இருக்கிறது, விரலை மோந்து பார்த்தால் சாம்பார் வாசம் அடிக்கிறது, அதுவும் வீட்டுச் சாம்பார் இல்லை, நல்ல ஓட்டல் சாம்பார்.

வரிசையில் நின்ற பூங்கோதைக்கு மட்டும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஏன் வருகிறது என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

பூங்கோதை மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனுவும் கல்யாணப் பத்திரிகையும் டைப் அடித்துக் கொடுப்பவள். அவள் புருஷன் மதுரையில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சைவ ஓட்டலில் சர்வர். அவர்கள் காலனிக்குக் குடிவந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கட்டம் போட்ட சட்டையோடு பஸ் ஏறி, ஓட்டலுக்குப் போய் நீல உடுப்புக்கு மாறி, வேலை முடிந்ததும் மறுபடி கட்டம் போட்ட சட்டையோடு வந்து இறங்கும் அந்த மனுஷனை எல்லோரும் ‘கனிஷ்கா அப்பா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருக்குமே என்று யாரும் கேட்கவில்லை, நம் ஊரில் யார் கேட்கிறார்கள்? பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்ததுமே அப்பன் பெயர் பிள்ளையின் இனிஷியலுக்குள் போய் ஒண்டிக்கொள்கிறது. ஆ. கனிஷ்கா. அந்த ‘ஆ’வுக்குள் ஆதிமூலம் இருந்தார்.

கனிஷ்கா ஏழாம் வகுப்பு. புதுப் பள்ளிக்கூடத்தில் அவரவர் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, அவள் எழுந்து, உள்ளதை உள்ளபடி, கொஞ்சம் தணிந்த குரலில், “எங்கப்பா சர்வர்” என்றாள். முன் பெஞ்சிலிருந்த ஜெரோம் என்ற பையன் சடாரென்று திரும்பி, “கேம் சர்வரா? உங்கப்பா சொந்தமா சர்வர் வச்சிருக்காரா?” என்று கேட்டான். வகுப்பே திரும்பியது. அத்தனை கண்ணும் அப்படி ஒரு மரியாதையோடு தன் மேல் விழுந்ததை அந்தப் பிள்ளை அதுவரை பார்த்ததில்லை, பாவம், தலையை ஆட்டிவிட்டாள். பொய் சொன்னது வாய் இல்லை, தலைதான். அதற்கென்ன, ஆட்டினது ஆட்டினதுதானே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷஃபானா அன்றைக்கே சினேகிதி ஆனாள், மற்ற பிள்ளைகளெல்லாம் எங்களையும் உங்க சர்வர்ல சேத்துக்கோ, சேத்துக்கோ என்று பின்னாலேயே வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மா மடியில் விழுந்து அழுதாள்.

“அப்பாட்ட மட்டும் சொல்லிராதம்மா.”

“நான் ஏன்டி சொல்றேன்,” என்றாள் பூங்கோதை. சொல்லிவிட்டாளே தவிர அன்றிலிருந்து அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் ஏறிக்கொண்டது. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும், தன்னைச் சொல்லிக்கொள்ளப் பெற்ற பிள்ளையே வெட்கப்பட்டாள் என்பது மட்டும் அந்த மனுஷன் காதுக்குப் போகக்கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

ஆட்டின தலைக்கு ஒரு சர்வர் வேண்டும் இல்லையா? கடையில் ஓரங்கட்டிக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, தூசி தட்டி, வீடியோ வீடியோவாகப் பார்த்து, கேபிள்காரரை நச்சரித்து வெளியிலிருந்து பிள்ளைகள் பெட்டிக்குள் வருவதற்கு வழி திறந்துவிடச் சொல்லி, பூங்கோதை தானே வேலையில் இறங்கினாள். இறங்க இறங்க அவளுக்கே ஆசை பிடித்துக்கொண்டது. சர்வர் என்றால் அப்படி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மரம் வெட்டி, மண் தோண்டி, கட்டைகட்டையாக வீடு கட்டுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது, அதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாட வேண்டுமானால், அந்த உலகத்தை ஒரு கம்ப்யூட்டர் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்கிற பிள்ளைக்குக் கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும், ஒருத்தன் கேட்டதை இன்னொருத்தனுக்கு மாற்றி வைத்துவிடக் கூடாது, எல்லோரும் எழுந்து போகிற வரைக்கும் தான் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். பெயர் கொடுத்து வைத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். கண்டவன் உள்ளே வந்து பிள்ளைகளிடம் கெட்ட வார்த்தை பேச முடியாது. இன்வெர்ட்டர் லைன் அடுப்படியில் மட்டும் இருந்ததால் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, சூடேறாமல் இருக்க ஒரு டேபிள் ஃபேனையும் திருப்பி வைத்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலை டூட்டி முடித்துவந்த ஆதிமூலம், பிள்ளைகள் விளையாட ஏதோ பெட்டி வைக்கிறாள் என்ற மட்டில் தெரிந்துகொண்டு, காலைச் சுவரில் தூக்கிப் போட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்த கம்ப்யூட்டர் கடைசியாக ஒன்று கேட்டது. பூங்கோதை அதை வாய்விட்டுப் படித்தாள்.

“சர்வர் பேரு என்னன்னு கேக்குது.”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? ஆதிமூலம்னு போடு,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

பூங்கோதைக்கு அடக்க முடியாத சிரிப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து ‘இங்க பாருங்க’, ‘ஏங்க’, ‘கனிஷ்கா அப்பா’ என்று கூப்பிட்டுப் பழகியவள், வாயால் சொல்லாத பெயரை விரலால் அடித்தாள். பெட்டி அதை வாங்கிக்கொண்டு ஒரு தரம் கனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் பெயர் கொடுத்த பிள்ளைகளெல்லாம் அவரவர் வீட்டிலிருந்தே உள்ளே போய், மரம் வெட்டலாமா குகை தோண்டலாமா என்று நிற்கும்போதே, நீல உடுப்பில், அந்த விளையாட்டுக்கே உரிய கட்டை முகத்தோடு ஒருத்தர் வேக நடையாக வந்து நின்றார். “வாங்க, உக்காருங்க, இட்லி தோசை ஊத்தப்பம் ரவா ஆனியன்ரவா பூரி சப்பாத்தி இடியாப்பம், என்ன சாப்பிடுறீங்க?” என்று ஒரே மூச்சில் கேட்டார். பிள்ளைகள் திகைக்கவில்லை, விளையாட்டு என்றால் அதில் எதுவும் வரும். வேண்டியதைச் சொன்னார்கள், வந்தது, சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்தது. மறுநாளிலிருந்து கோட்டை கட்டுகிற கல்லையும் கத்தி செய்கிற இரும்பையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கூடிப் பெரிதாக ஒரு சாப்பாட்டுக்கூடம் கட்டினார்கள். அந்த விளையாட்டில் இருட்டியதும் பிள்ளைகளை அடிக்கப் பேய்கள் கிளம்பி வரும். இங்கேயும் வந்தன. “நீங்களும் உக்காருங்க” என்று அவற்றுக்கும் இலை போட்டார் சர்வர். பேய்கள் மிரள மிரள உட்கார்ந்து, ரெண்டு ரெண்டு பூரி சாப்பிட்டு, யாரையும் ஒன்றும் செய்யாமல் எழுந்து போயின, அதன்பிறகு சரியான நேரத்துக்கு வரவும் பழகிக்கொண்டன.

ஆக, லாரி வரிசையில் பூங்கோதை உண்மையைச் சொன்னாள், சொல்ல வேண்டிய அளவுக்கு.

“எங்க வீட்டு சர்வர்லதான் சாப்பிடுறாங்க.”

“உங்க வீட்டுக்காரரும் சர்வர்தானாமே?” என்று கேட்டார்கள்.

“ஆமா, சர்வர்தான்,” என்றாள். ஒரு சொல்லுக்குப் பொய்யில்லை. காலனி அதைத் தனக்குத் தோதான பக்கமாகப் புரிந்துகொண்டது. பெட்டிக்கு ஆதிமூலம் என்று பெயர் வைத்திருப்பதைக் கேட்டுப் பெருமாள் பேர் வைத்திருக்கிறாள், அதுதான் படியளக்கிறது என்று சமாதானமும் ஆகிக்கொண்டது.

சமாதானம் ஆனதும் காலனிக்குக் கவலை வேறு தினுசாக வந்தது. சாப்பாடு வருகிறதென்றால் கையைக் கழுவாமல் எப்படி என்று, விளையாட உட்காருமுன் பிள்ளைகளை வீட்டுக்கு வீடு சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார்கள். ஆசிரியர் காலனியில் மிச்சமிருந்த ஒரே ஆசிரியரான பாக்கியம் டீச்சர், தனிக்கட்டை, நேரில் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். தன் பெயரையும் கொடுத்து உள்ளே போய், ரெண்டு இட்லி சாப்பிட்டு, சட்னி கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள், மறுநாள் சட்னி கெட்டியாக இருந்தது. கிருத்திகை அன்று விளையாடினால் விரதம் கெடுமா என்று அவளுக்கும் கோயில் குருக்களுக்கும் நடந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நோன்பு மாதத்தில் ஷஃபானா நோன்பு திறந்த பிறகுதான் உள்ளே வருவாள், அவள் வருகிற மட்டும் அவள் இலையில் யாரையும் உட்கார விடாமல் சர்வர் பார்த்துக்கொண்டார். காய்ச்சல் கண்ட பிள்ளை ரவா கேட்டால் இட்லிதான் வரும். மூன்றாவது வீட்டுச் சுருளிநாதன், சர்க்கரைக்காரர், பெண்டாட்டிக்குத் தெரியாமல் மகன் பெயரில் நுழைந்து தினமும் கேசரி தின்று டாக்டரிடம் மாட்டிக்கொண்டார். அந்தம்மா பூங்கோதை வீட்டு வாசலில் வந்து ஒரு பாட்டம் ஆடிவிட்டுத்தான் போனாள்.

ராத்திரி வீடு வந்து சேரும் ஆதிமூலம் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

“ஓட்டல்ல கூட்டமே இல்ல கோதை, ஆனா ரெண்டு ஹால் பாத்த மாதிரி கால் வலிக்குது. சும்மா நிக்கிறப்பக்கூட கை யாருக்கோ எடுத்து வச்சுக்கிட்டே இருக்கு.”

“தைலம் தேய்க்கட்டுமா?”

“தேய் மகராசி. பிள்ளைங்க நல்லா சாப்பிட்டாங்களா இன்னிக்கி?”

தினமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர் படுத்ததில்லை. அவருக்கும் அது ஓர் அதிசயமாகத் தெரியவில்லை, தன் பெயரைக் கொடுத்தோம், வேலை வந்திருக்கிறது, பார்க்க வேண்டியதுதானே என்று இருந்தார். கனிஷ்கா மட்டும் தினம் தினம் பயந்துகொண்டே சாப்பிட்டாள். கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரல் தன்னிடம் வந்து “பாப்பாக்கு என்ன?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, “ஏதாச்சும்” என்பாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சர்வர் நின்றுபோனது.

பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, விளக்கெல்லாம் எரிந்தது, பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் கதவும் திறந்தது. கூடம் இருந்தது, இலைகூட விரித்தபடி இருந்தது. யாரும் வரவில்லை. பிள்ளைகள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், நேரத்துக்கு வந்துவிட்ட பேய்களும் எதிர் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பெரியவர்களும் மத்தியான மிச்சத்தோடு ஒப்பேற்றிக்கொண்டதில் காலனியில் ராத்திரிச் சமையல் என்ற பழக்கமே விட்டுப்போயிருந்ததால் அன்றைக்கு வீட்டுக்கு வீடு அல்லோலகல்லோலம். மாவு இல்லை, காய் இல்லை, பாதிப்பேர் வீட்டில் கேஸும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை ஒயரையெல்லாம் கழற்றி மாட்டினாள், அணைத்துப் போட்டாள், கடைக்குச் சாமான் சப்ளை பண்ணும் பையனைக் கூப்பிட்டுக் காட்டினாள். பாக்கியம் டீச்சர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

சனி ராத்திரி வந்த ஆதிமூலம் காலைப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கவும் இல்லை. ஞாயிறு சாயங்காலம், செருப்பு வாரைத் தைத்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொல்வது மாதிரி சொன்னார்.

“கனிஷ்கா சினேகிதப் பிள்ளைங்க யாராச்சும் வீட்டுக்கு வர்றதுன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லு கோதை. நான் கொஞ்சம் வெளிய போய்ட்டு வர்றேன்.”

எதற்கு என்று பூங்கோதை கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த கனிஷ்கா பையைக்கூட இறக்கவில்லை, நின்றபடியே தேம்பினாள். சனிக்கிழமை அக்கா கல்யாணத்துக்குத் துணியெடுக்க மதுரைக்குப் போன ஷஃபானா வீட்டார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். இட்லி தோசை ஊத்தப்பம் என்று ஒரே மூச்சில் சொன்ன குரலைக் கேட்டதும் ஷஃபானாவுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. “அங்கிள், நீங்க கனிஷ்கா அப்பாவா? அவங்கப்பாதான் கம்ப்யூட்டர் சர்வர் வச்சிருக்காங்க, அதுல வர்ற குரல் இப்பிடியேதான் இருக்கும்” என்று கேட்டிருக்கிறாள்.

“அதுக்கு அப்பா கையில இருந்த டம்ளர மேஜைல வச்சாராம்மா. அப்புறம், ‘இல்லம்மா, நான் வெறும் ஓட்டல் சர்வரு. எனக்குப் பிள்ளையே கிடையாது’ன்னு சொல்லிட்டாராம். ஷஃபானா சிரிச்சுக்கிட்டே சொல்றாம்மா, உங்கப்பா மாதிரியே ஒருத்தர்னு.”

பூங்கோதை அப்படியே அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எந்த விஷயம் அவர் காதுக்குப் போகக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தாளோ, அது ஒரு சின்னப்பெண்ணின் ஒரே கேள்வியில் அவருக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. புரிந்த அந்த நிமிஷமே, மகள் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாதென்று, பெற்றதையே இல்லை என்று சொல்லியிருக்கிறார் மனுஷன். கனிஷ்கா அப்பா என்ற ஒரு பெயர்தான் அவருக்கு வெளியில் இருந்தது, அதையும் அவரே அழித்துவிட்டால் பிறகு எந்தப் பெயரில் வந்து யாருக்குப் பரிமாறுவார்? அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

“ராத்திரி வந்ததும் கால்ல விழுந்துருடி,” என்றாள்.

கனிஷ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வீட்டுக்குள்ள வச்சு சொன்னா பத்தாதும்மா. வெளியிலதான அப்பா அப்பிடி சொன்னாரு. இப்ப டூட்டிலதான இருப்பாரு?”

ஷஃபானா வீட்டிலும் ஜெரோம் வீட்டிலும் பூங்கோதையே நேரில் போய்ப் பேசி அனுமதி வாங்கினாள். எங்கே போகிறோம் என்று மட்டும் கனிஷ்கா பிள்ளைகளிடம் சொல்லவில்லை, “நம்ம சர்வரைப் பாக்க” என்றாள். பெரிய கம்பெனிக்குப் போகிறோம் என்று நினைத்து ஜெரோம் தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவிக்கொண்டு வந்தான். பஸ் அவர்களை ஓட்டல் வாசலிலேயே இறக்கிவிட்டது.

அவர்கள் உட்கார்ந்த மேஜை அவர் பார்க்கிற மேஜைதான். தண்ணீர் டம்ளரோடு வந்த ஆதிமூலம் ஒரு எட்டு தயங்கினார், அவ்வளவுதான், வந்துவிட்டார். கனிஷ்காவைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, “வாங்க, உக்காருங்க, இட்லி தோசை ஊத்தப்பம் ரவா” என்று சொல்லிக்கொண்டே போனார். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து, “உங்களுக்கு என்ன மேடம்?” என்றார். பூங்கோதை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“அப்பா,” என்றாள் கனிஷ்கா.

“வேற யாரையோ நெனச்சுக்கிட்டு கேக்குறீங்க பாப்பா,” என்றார் அவர் சுவரிடம். “தம்பிக்கு சாதா தோசை சொல்லவா?”

கனிஷ்கா எழுந்து அவருடைய நீல உடுப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். “ஷஃபானா, ஜெரோம், இவருதான் எங்கப்பா. பேரு ஆதிமூலம். இந்த ஓட்டல்ல சர்வரா இருக்காரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப நான் செஞ்சத நெனச்சாதான் வெக்கமா இருக்கு.”

பிள்ளைகள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“அப்ப நமக்கு தினமும் வைக்கிறது?” என்றான் ஜெரோம்.

“இவருதான்டா.”

ஜெரோம் எழுந்து நின்று, “வணக்கம் அங்கிள்” என்றான். ஷஃபானாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “அன்னிக்கி பிள்ளையே இல்லைன்னீங்களே அங்கிள்?” என்றாள்.

“அது அன்னிக்கி...” என்று ஆதிமூலம் ஆரம்பித்தார். அதற்குள் பூங்கோதையின் செல்போன் அடித்தது. பாக்கியம் டீச்சர்.

“பூங்கோதை, இலையில இட்லி வந்துருச்சும்மா. ஆவி பறக்குது. பேயெல்லாம் சாப்பிட ஆரம்பிச்சிருச்சு,” என்றாள்.

ஆதிமூலம் கையை விடுவித்துக்கொண்டு, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே அடுப்படிப் பக்கம் நடந்தார். எந்த மேஜைக்கு என்ன பண்டம் என்பதைத் தவிர அந்தச் சன்னலில் நின்று அவர் இதுவரை வேறொன்றும் சொன்னதில்லை. இன்றைக்கும் வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்துச் சத்தமாகத்தான் சொன்னார்.

“மாஸ்டர், எம் மக வந்திருக்கா.”

கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிராமல், “சரிண்ணே, ரோஸ்ட்டா ஊத்தப்பமா, என்னன்னு சொல்லுங்க” என்றார்.

“எம் மக வந்திருக்கா,” என்றார் ஆதிமூலம் மறுபடியும்.